டாக்டருக்கு இனி யார் குரல்

என் செல்லத் தம்பிக்கு,

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. இங்கே பிராங்பேர்ட்டில் அம்மா சுகம். என்னைப் பற்றிக் கேட்காதே. உன்னால் வந்த தலையிடி ஒன்றோடு இருக்கிறேன்.

உன் முதல் படம் நினைவிருக்கிறதா? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, என்னுடைய ஜேர்மன் பேச்சைத் திருத்திக்கொண்டே திரிந்த உன்னை, சொற்களை உடைத்து உடைத்துப் பேசச் சொன்னார் இயக்குநர். ரோசாப்பூ விற்கிற அகதி வேடம். அடுத்ததிலும் அகதி. அதற்கடுத்ததில் பதவி உயர்ந்து டாக்சி ஓட்டினாய்.

பெர்லினில் டப்பிங் அறையின் இருட்டில் நின்றபோதுதான் உனக்கு வெள்ளைக் கோட்டு கிடைத்தது. அந்த அமெரிக்கத் தொடரின் டாக்டர் ஜேர்மனில் வாய் திறந்தால் அது நீ. ஒரு நடிகருக்கு ஒருவர் குரல் கொடுத்துவிட்டால் கடைசிவரை அவரேதான் என்பது இங்கே வழக்கம். அந்தக் கடைசி உன்னுடையதாக இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

இப்போது அடுத்த சீசன் வருகிறது. உன் பழைய பதிவுகளை வைத்துக் கணினியில் உன் குரலையே உருவாக்கலாமா என்று ஸ்டூடியோவில் கேட்கிறார்கள். அம்மாவும் நானும் சம்மதிக்க வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு ஆசை வந்தது. ஜேர்மன் பாதி விளங்காமலே உன் தொடரை ஒன்றுவிடாமல் பார்த்த மனுஷி அல்லவா?

"பிள்ளையின்ர குரலாவது வீட்டுக்குள்ள கேக்கட்டுமன்," என்றார். அதற்கு மேல் நான் என்ன வாதாட? நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்?

போன சனிக்கிழமை அந்தக் கணினிக் குரலில் மாதிரிக்கு ஒரு துண்டு அனுப்பினார்கள். நோயாளியின் மனைவியிடம் டாக்டர் கெட்ட செய்தி சொல்லும் காட்சி. அச்சு அசல் நீ. அம்மா இன்னொரு தரம் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். சின்ன வயதில் உனக்கு மூச்சிழுப்பு வந்தபோதெல்லாம் உன் நெஞ்சருகே இப்படித்தான் காது வைத்துக் கிடப்பார். வளர்ந்த பிறகும் நீண்ட வசனம் என்றால் நீ நடுவில் ஒரு மூச்சு இழுப்பாய். டாக்டரே கலங்கிப்போனார் என்று சனம் நினைத்தது.

"குரல் அவன்ரதான். ஆனா மூச்சு எடுக்கேல்லை," என்றார் அம்மா. "நிப்பாட்டு பிள்ளை, என்னால கேக்க ஏலாது."

கேட்டால் மூச்சையும் சேர்த்துத் தருவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாட்டோம் என்று சொல்லப்போகிறேன். அது சரியா, எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் திறந்த ஒரு வழியை நானே அடைக்கிறேனோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். புது சீசன் தொடங்கும் நாளில் நானும் அம்மாவும் டிவி முன்னால் இருப்போம். டாக்டர் வேறு யாருடைய குரலிலோ பேசுவார். எங்களுக்குப் பிடிக்காது. அழுவோம். ஆனாலும் எழுந்து போகமாட்டோம். அந்தப் புதுக் குரலுக்குரிய பிள்ளையும் எங்கேயோ ஓர் இருட்டறையில் நின்று, மூச்சு எடுத்துத்தானே பேசியிருக்கும்.

உன்னோடு இன்னும் வாதாட ஆசைப்படும்
உன் அக்கா