எவரிஸ்டோ செய்த உபகாரம்

அம்மாவுக்கு ஒஃபேலியா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? வெராக்ரூஸில் மழை விட்டதா? இந்தப் பாலைவனத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எரிச்சல்தான் தாங்கவில்லை.

நான் மீன் ஆராய்ச்சி செய்யும் ஊற்றுக்குப் பக்கத்தில் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் எவரிஸ்டோ போன வாரம் சிரித்துக்கொண்டே வந்தார். "டாக்டரம்மா, நாலு வருஷமா இந்த வெயில்ல காயறீங்க. உங்க மீனு சுண்டுவிரல் அளவுகூட வளரலையே! பாக்கவே பாவமா இருந்துச்சு. அதான் அணையிலேருந்து நல்லா பெரிய மீனா புடிச்சாந்து ஊத்துல விட்டுட்டேன்."

உலகத்தில் வேறெங்குமே இல்லாத மீன்கள், அம்மா. முக்கால்வாசியை அந்தத் தடியன்கள் தின்றுவிட்டன. திட்ட வாயைத் திறந்தால், "நன்றியெல்லாம் எதுக்கும்மா" என்று கையை ஆட்டுகிறார்!

மிஞ்சியவற்றை வலையில் அள்ளி, வீட்டில் துணி துவைக்கும் தொட்டியில் விட்டிருக்கிறேன். என் துணியெல்லாம் இப்போது எவரிஸ்டோ வீட்டில்தான் துவைக்கிறேன். வேறு வீடு ஏது?

தம்பியின் பழைய மீன்தொட்டியில் காற்று விடும் மோட்டார் இருக்குமே, அதைப் பார்சலில் அனுப்புங்கள். கூடவே நீங்கள் வறுத்து அரைத்த காப்பித்தூள். கொஞ்சம் போதும், ஒரு ஆளுக்குத்தானே.

தபால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. ஊருக்குப் போய் வாருங்கள், மீன்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எவரிஸ்டோ ஆசையாகச் சொல்கிறார். அதனால்தான் வரவில்லை.

உங்கள்
ஒஃபேலியா