கசிவு நின்றுவிட்டதாம், நைனா

என் அருமை நைனாவுக்கு,

நல்லா இருக்கிறாயா? நீ போன இடத்தில் தண்ணீருக்கு மீட்டர் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நேற்று உனக்கு முப்பதாம் நாள் பூசை. மாதா கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் சிணுங்கியது. நம் அபார்ட்மெண்டின் தண்ணீர் ஆப். 'வாழ்த்துகள். இந்த மாதம் உங்கள் வீட்டுத் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்துள்ளது. கசிவு சரிசெய்யப்பட்டது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பச்சை இலை. உன் மருமகள் ஸ்டெல்லா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவர்கள் கசிவு என்று சொல்வது உன்னைத்தான்.

லாரித் தண்ணீரை நம்பிக் கிடக்கிற ஒரகடத்துக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீடு தூங்குகிற நேரத்தில் தண்ணீர் ஓடினால் அது கசிவாம், உடனே சிவப்புச் சொட்டு காட்டுமாம். இரவில் எல்லாரும் தூங்குவார்கள் என்று அந்த ஆப்பைச் செய்தவனுக்கு யார் சொன்னது? நம் பிளாக்கில் பாதிப் பேர் செகண்ட் ஷிப்ட் முடித்து, ஒரு மணிக்கு மேல் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். வாலாஜாபாத் ரோட்டில் தண்ணி லாரி வழியெல்லாம் சிந்திக்கொண்டு வருகிறதே, அதற்கு யார் சிவப்புச் சொட்டு போட்டார்கள்?

கம்பெனி கேட்டில் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு முப்பது வருஷம் நின்ற ஆள் நீ. படுக்கையில் விழுந்த பிறகும் மருமகள் கையால் குளிக்க மாட்டேன் என்று எனக்காகக் காத்திருப்பாய். நானும் செகண்ட் ஷிப்ட் முடிந்து ஒரு மணிக்கு மேல் வந்ததும் உன்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து வெந்நீர் ஊற்றுவேன். பிறகு விரிப்புகளை அலசிப் போடுவேன். "இன்னொரு சொம்பு ஊத்துடா, முதுவுல" என்பாய். வாரா வாரம் அபார்ட்மெண்ட் செகரட்டரி சிவப்பு வீடுகளின் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். நம் வீடுதான் முதலில் இருக்கும்.

ஒருநாள் காலையில் அவரே பிளம்பர் முருகனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். முருகன் குழாய், ஃப்ளஷ் டாங்க் எல்லாவற்றையும் பார்த்தான்.

"லீக்கே இல்ல சார். எல்லாம் நல்லாதான் கீது."

"ஆப்ல காட்டுதேப்பா. அது எதுக்குப் பொய் சொல்லப்போவுது? இந்த வீட்லதான் எங்கியோ ஒழுவுது."

அறைக் கதவு திறந்திருந்தது. நீ கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். எங்கப்பாவைக் குளிப்பாட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் படுக்கை ஈரமாவதை ஊருக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. "பாத்துக்கறேன் சார்" என்று அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து நீ தண்ணீர் கேட்பதை விட்டாய். ஸ்டெல்லா வைத்த டம்ளர் வைத்தபடியே இருக்கும்.

"குட்ச்சா மறுபடியும் நனையும். அப்பால அந்த ஆளு வருவான். துணிய நனைச்சி தொடச்சி வுடு, போதும்" என்றாய்.

நாங்கள் கெஞ்சினோம், திட்டினோம். டாக்டர் உன் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இவருக்குத் தண்ணியே குடுக்கறதில்லையா?" என்று என்னைக் கேட்டார். உன்னைக் கொண்டுபோனது உன் நோய்தான், தெரியும். ஆனால் கடைசி இரண்டு வாரம் நாக்கு வறண்டு கிடந்தாயே, அதைக் கொடுத்தது யார்? ஆப்பா, செகரட்டரியா, வாயை மூடிக்கொண்டிருந்த நானா?

நேற்று அந்தப் பச்சை இலையைப் பார்த்த கையோடு ஆப்பைத் திறந்தேன். பழைய கசிவுக்குக் காரணம் எழுத ஓர் இடம் இருக்கிறது. குழாய், ஃப்ளஷ் டாங்க், வால்வு, மற்றவை. மற்றவை என்பதை அழுத்தி, 'கசிவு இல்லை. எங்கள் நைனாவின் குளியல்' என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: 'நன்றி. எங்கள் பிளம்பர் உங்களைத் தொடர்புகொள்வார்.'

இன்று காலையில் முருகன் நிஜமாகவே வந்து நின்றான். மாலை போட்ட உன் படத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அன்னிக்கே சொல்லக் கூடாதாண்ணா? எங்கம்மாவும் படுக்கைலதான் கீது. நானே சார்கிட்ட பேசியிருப்பேனே."

பையை மறுபடி எடுத்துத் தோளில் மாட்டினான். பிறகு சொன்னான்: "இப்ப செகண்ட் ஃப்ளோர்ல ஒரு வூட்ல செவப்பு காட்டுதுண்ணா. ஆபரேசன் பண்ணிகினு அந்த வூட்டுக்காரரோட அப்பா அங்க படுத்துகினு கீறாரு. அங்கியும் போயி லீக் பாக்கச் சொல்றாங்க."

வரும் ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் மீட்டிங்கில் அதிகமாகத் தண்ணீர் மிச்சம் பிடித்த வீட்டுக்குப் பரிசு. நம் வீடுதானாம். பரிசு என்ன தெரியுமா? ஒரு பக்கெட்.

நான் போவேன் நைனா. அந்தப் பக்கெட்டை வாங்கி, எல்லார் கண்ணெதிரிலும் செகண்ட் ஃப்ளோர் வீட்டுக்காரர்கள் கையில் கொடுப்பேன். உங்கள் அப்பாவை வேண்டுமட்டும் குளிப்பாட்டுங்கள் என்பேன். அந்தச் சிவப்புப் பட்டியல் குரூப்பை விட்டுப் போகும்வரை உட்கார மாட்டேன். இந்த முறை 'பாத்துக்கறேன் சார்' கிடையாது. நீ ஏன் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாய் என்பதையும் சொல்லத்தான் போகிறேன். உன் விரிப்பு நனைந்ததை நாலு பேருக்கு முன்னால் சொல்கிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ தண்ணீர் குடித்திருப்பாய்.

உன் முதுகுக்கு இன்னொரு சொம்பு ஊற்றக் காத்திருக்கும் மகன்,
சேவியர்