பேப்பரில் வந்த டோக்கன் வரிசை

அன்புள்ள அம்மாவுக்கு,

பீன்யா பஸ் ஸ்டாப்பில் வடை சுற்றிக் கொடுத்த பேப்பரில் ஒரு கேலிச் சித்திரம். அதிலிருந்த பெண் இடுப்பில் கை வைத்து நின்றதுதான் முதலில் கண்ணில் பட்டது. நீயும் அப்படித்தான் நிற்பாய். வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே. நான் நலம், அசதி மட்டும்தான்.

படத்தில் தையல் பெண்கள் கழிவறை டோக்கனுக்கு வரிசையில் நிற்க, சூப்பர்வைசர் கடிகாரத்தோடு நிற்கிறார். எங்கள் தையல் லைனிலும் கழிவறைக்குப் போக எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு டோக்கன்தான். பக்கத்து மெஷின் ஷோபா அக்கா, "நம்ம மஞ்சுநாத் சாருதான்டி, மீசை மட்டும் இல்ல!" என்று சிரித்தார். நான் மீசை வரைந்தேன். அக்கா அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

"ஏன்ரீ இது, என்ன இதெல்லாம்? மீசை வரைஞ்சது யாருன்னு தெரியற வரைக்கும் டோக்கன் இல்ல" என்றார் எங்கள் சூப்பர்வைசர் மஞ்சுநாத் சார். ஷோபா அக்கா மாசமாக இருக்கிறார். அடக்க முடியாமல் நெளிந்தாரே தவிர, என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

பயப்படாதே, வேலை போகவில்லை. என்னோடு தங்கியிருக்கும் ஜெனிஃபர் நம் தங்கவயலுக்கு வரும்போது உன் பழைய சேலை ஒன்று கொடுத்தனுப்பு, துவைக்காததே போதும். பெல் அடித்துவிட்டது, மீதியையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுந்து, "நான்தான் சார் வரைஞ்சேன், டோக்கனை அக்காவுக்குக் குடுங்க" என்றேன்.

உதயா