கவிழ்த்து வைத்த தட்டு

உன் தட்டு என் மேசைமேல் இருக்கிறது. நீல விளிம்பு போட்ட அதே எனாமல் தட்டு. அடிப்பக்கத்தில் நீ ஆணியால் கீறிய மீன் இன்னும் அழியவில்லை. வால் மட்டும் துருவில் போய்விட்டது. கல்லடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அங்கிருந்துதான் உனக்கு எழுதுகிறேன்.

பள்ளி விடுதிச் சாப்பாட்டு அறையின் சட்டம் உனக்கு மறந்திருக்காது. வீட்டுக்குப் போன பையனின் தட்டை அவன் இடத்திலேயே கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்த தட்டுக்குச் சோறு இல்லை. அந்த அதிகாரம் நம் வகுப்பு மொனிட்டர் தம்பிராசாவின் கையில் இருந்தது. ஒரு தடவை நீ காய்ச்சலில் படுத்திருந்தாய் என்று உன் தட்டையும் கவிழ்த்துவிட்டான். இறால் கறி வாசம் உன் கட்டில் வரைக்கும் வந்ததோ என்னவோ, போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாய். தட்டை நிமிர்த்தி வைத்து அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்: "நான் இருக்கிறன். சோத்தப் போடு."

அதன் பிறகு நம் வகுப்பில் யார் எதற்குப் பிந்தி வந்தாலும் அதைத்தான் சொல்வோம். கிளாக்கர் வேலைக்கென்று நான் மலாயாவுக்குப் புறப்பட்ட அன்று நீ ஸ்டேஷனுக்கு வந்தாய். அழுதுவிடக் கூடாது என்று இரண்டு பேருமே கண்டதையும் பேசினோம். ரயில் நகர்ந்தபோது, "திரும்பி வந்து சொல்லு மச்சான்," என்றாய். எதைச் சொல்லச் சொல்கிறாய் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு யுத்தம் வந்தது, கடிதங்கள் நின்றன. ரயில் பாதை போட என்னைச் சயாமுக்குப் பிடித்துப் போனது உண்மை. நான் அங்கே செத்துப்போனேன் என்பதுதான் பொய். அந்தப் பொய் எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது எனக்குத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் நான் கப்பலேறுமுன்பே போய்விட்டார்கள். என்னைத் தேட உன்னை விட்டால் ஆளில்லை. கொழும்பில் வந்து இறங்கியபோது, சித்திரை விடுமுறையில் வருஷா வருஷம்போல நம் வகுப்பார் பள்ளிக்கூடத்தில் கூடிச் சாப்பிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உனக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று உன் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

நான் போனபோது எல்லாரும் வாவிக்கரையில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்வாசலால் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தேன். பழைய தட்டுகளைத் தேடி எடுத்து அவரவர் இடத்தில் வைத்திருந்தார்கள். நாம் உட்காரும் வாங்குக்கு நேரே, மேசைக் கடைசியில் இரண்டு தட்டுகள் கவிழ்ந்திருந்தன. ஒன்றில் நான் கீறிய தோணி, மற்றதில் உன் மீன். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வருவது ஒருவருக்கும் தெரியாது, என் தட்டு கவிழ்ந்திருப்பது சரி. நீ வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமத்திலிருந்து தோணியில் வர வேண்டியவன், வழக்கம்போலப் பிந்துகிறாய். அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் உள்ளே வந்ததும் இரண்டு தட்டுகளையும் நிமிர்த்தி வைத்துச் சத்தமாகச் சொன்னேன்.

"நான் இருக்கிறன். சோத்தப் போடு. அவனுக்கும் சேத்துப் போடு."

ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ கையிலிருந்த செம்பை நழுவவிட்டார்கள். தலையெல்லாம் நரைத்துப்போன தம்பிராசா கிட்ட வந்து என் தோளைத் தொட்டான், பிறகு கன்னத்தைத் தொட்டான். செத்தவன் உடம்பில் சூடு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். அது அப்போது எனக்கு விளங்கவில்லை.

"உனக்குப் போடலாம்," என்றான். "அவனுக்கு ஏலாது மச்சான்."

மாசியில் வயலில் நெல்லைச் சூடடித்து முடித்த கையோடு காய்ச்சலில் விழுந்தாயாம். பங்குனி பிறக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டதாம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மற்றதையும் தம்பிராசாதான் சொன்னான். சயாம் செய்தி வந்த வருஷம் என் தட்டைக் கவிழ்த்தது நீதானாம். வேறு யாரையும் தொடவிடவில்லையாம். அதோடு விட்டாயா? ஆடி அமாவாசை தவறாமல் வாவியில் இறங்கி, செத்தவர்களுக்கு விடுகிற தண்ணீரை என் பெயர் சொல்லி விட்டிருக்கிறாய். தகப்பனை இழந்தவன் செய்கிற காரியம் அது. தகப்பன் உயிரோடிருக்க மகன் அந்தத் தண்ணீரில் இறங்கினால் ஊர் பொறுக்குமா? நீ இறங்கினாய். அந்த நேரம் நான் சயாமில் எங்காவது மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்திருப்பேன்.

மறுநாள் தோணியேறிப் பழுகாமம் போனேன். உன் அப்பா முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கண் நன்றாக மங்கிவிட்டது. நான் பெயரைச் சொன்னதும் கை நின்றது. குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அப்ப என்ட புள்ள ஆருக்கு மனே தண்ணி விட்டவன்?"

தகப்பன் இருக்கத் தண்ணீர் விட்டான், அதுதான் அவனையே கொண்டுபோனது என்று ஊரார் அவர் காதுபடவே பேசியிருக்கிறார்கள். இப்போது அந்தத் தண்ணீர்கூட உயிரோடிருந்தவனுக்கு விட்டது என்று சொல்ல நான் போய் நிற்கிறேன். எழும்பிப் போ என்று அவர் சொல்லியிருந்தால் அது நியாயம். செத்ததாகப் பேச்சு வந்தவனுக்கு ஆயுசு கூடும் என்று நம் ஆட்கள் சொல்வார்களே, எனக்குக் கூடிய ஆயுசு யாருடையது? படித்தவன் இப்படி நினைக்கலாமா என்று கேட்பாய். நினைக்கிறேன், என்ன செய்ய?

உன் அப்பா கயிற்றை மடியில் வைத்தார். "அவனுக்கு ரெண்டும் பொம்பிளப் புள்ளையள்," என்றார். "உனக்குத் தகப்பன் இல்லத்தானே. ஆடி அமாவாசைக்கு அவனுக்குத் தண்ணி விட வருவியா?"

"வாறன் மாமா."

"அப்ப இருந்து சாப்பிட்டுப் போ."

உன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டேன். அவர் பக்கத்திலேயே இருந்து இன்னும் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் தட்டைத் தம்பிராசாவிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். நான் நிமிர்த்தியபடியே இருக்கிறது. விடுதிச் சட்டப்படி அதைக் கவிழ்க்க வேண்டும். கையை வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஆடி அமாவாசை வரைக்கும் இப்படியே இருக்கட்டும். தண்ணீரில் நின்று உன் பெயரைச் சொல்லிவிட்டு வந்து கவிழ்க்கிறேன். அதற்குள் ஒருநாள் நீ போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து சோறு கேட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நானே அப்படித்தானே வந்து நின்றேன்.