கட்டிலுக்குக் கீழே பால்மா

துணுக்காய்
17.11.1996

அன்புள்ள மகள் பிரேமிளாவுக்கு,

நீயும் மருமகனும் பேரனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று முத்துமாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, எனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து போய்விட்டது. சுகம் என்று மட்டும் எழுதக் கை வரவில்லை. செல்வராசா மாஸ்டர் வெளியே போகப் பாஸ் கிடைத்து வவுனியாவுக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வதால் மனதில் கிடப்பதை எல்லாம் எழுதுகிறேன்.

ஆமி பிடித்த பிறகு கிளிநொச்சிச் சனம் முழுக்க இங்கே வந்து கிடக்கிறது மகள். பள்ளிக்கூடம், கோயில் மடம், மரநிழல் எங்கும் ஆட்கள், தறப்பாள் இல்லாதவர்கள் மாரி மழைக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். தெரு முடக்கில் உள்ள நம் கடைக்கு விடிந்ததிலிருந்து சனம் வந்தபடிதான், ஆனால் சாமான் வருவது அருமை. புரட்டாசிக் கடைசியில் அப்பா எப்படியோ ஒரு லொறிக்காரனைப் பிடித்து மூன்று உரப்பை நிறையப் பால்மாப் பெட்டி இறக்கினார். நானும் சந்தோஷப்பட்டேன். மறுநாள் பார்த்தால் கடைத்தட்டில் ஒரு பெட்டியும் இல்லை, எல்லாம் நம் கட்டிலுக்குக் கீழே பழைய சாக்கால் மூடிக் கிடந்தது. கேட்டதற்கு, "பொறு, இன்னும் ரெண்டு கிழமையிலை நாங்கள் சொல்லுறதுதான் விலை" என்றார்.

பக்கத்து வளவுக் கமலேஸ்வரி அக்காவை உனக்கு மறந்திருக்காது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளைக் கொளுத்திய பிறகு மூன்று வயதுப் பிள்ளையான உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இங்கே வந்தபோது, தோட்டக்காட்டார் என்று ஊர் ஒதுக்க, தன் வளவின் முடக்கில் கடை போட இடம் தந்து உனக்குப் பசுப்பாலும் தந்தவர் அவர்தான். இப்போது அவரிடம் மாடு இல்லை. இடம்பெயர்ந்து வந்த அனோஜா என்ற இளம்பெண் நாலு மாதக் கைக்குழந்தையோடு அவர் வளவில்தான் இருக்கிறாள், காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. கமலேஸ்வரி அக்கா கடைக்கு வந்து, "அண்ணை, ஒரு பெட்டி எண்டாலும் தாங்கோ, பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணிதான் பருக்கிறம், வயித்தாலை போகுது" என்று கெஞ்சினார். உன் அப்பா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இருந்தாத் தரமாட்டனே தங்கச்சி, அம்மாளாணை ஒண்டுமில்லை" என்றார். நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் பதினொரு நாள் அந்தக் கட்டிலில்தான் படுத்தேன். அப்பாவை நினைத்தால் வருகிற அருவருப்பு என்னை நினைத்தாலும் வருகிறது.

பன்னிரண்டாம் நாள் அப்பா பெட்டி முழுவதையும் விலை பேசி முடிக்க மல்லாவி முதலாளி ஒருவரிடம் சைக்கிளில் போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் கமலேஸ்வரி அக்கா ஓடி வந்து, "பிள்ளை இப்ப அழுகிறதும் இல்லை" என்றார். சாக்கை இழுத்து எறிந்துவிட்டு இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு ஓடினேன். குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கைக்குழந்தைக்காரருக்குப் பழைய விலைக்கே கொடுத்தேன், இல்லாதவர்களுக்குச் சும்மா கொடுத்தேன். குழந்தை நாலு நாள் சேலைனில் கிடந்து பிழைத்துவிட்டது. ஆனால் எல்லாரிடமும் லொறி காலையில்தான் வந்தது, அப்பாதான் கொடுக்கச் சொன்னார் என்று பொய் சொன்னேன் மகள். அவர் மானம் போகக்கூடாதென்று அப்போதும் நினைத்திருக்கிறேன் பார்.

பின்னேரம் அப்பா வந்து இறங்க, முடக்கில் நின்ற சனம் சூழ்ந்துகொண்டது. கமலேஸ்வரி அக்கா அவர் கையைப் பிடித்து, "லொறி வந்த உடனை எங்கடை பிள்ளையளை நினைச்சியளே, நீங்கள் தெய்வம் அண்ணை" என்று அழுதார். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கைகூப்பிக்கொண்டு, "எங்கடை சனத்துக்குச் செய்யாமல் வேறை ஆருக்குச் செய்யிறது" என்றார். நான் உள்ளே போய்க் கடைச் சாவியை எடுத்து என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். பத்தொன்பது வருஷமாக நம் கையால் ஒரு தேங்காயும் வாங்காத கோயில் சபைக்காரர் இப்போது வீடு தேடி வந்து அவரை உறுப்பினராக்கியிருக்கிறார்கள். வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறார். நீ அனுப்பும் காசில் கடையைப் பெருப்பிக்கப் போகிறாராம், அனுப்பாதே. இப்போது கடையில் நான்தான் இருக்கிறேன், சாவியும் என்னிடம்தான். அவர் அதைக் கேட்கவும் இல்லை, நான் அவரோடு கதைக்கவும் இல்லை.

பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நல்லபடி வாழ அம்மாளாச்சி துணையிருப்பாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் கடிதம் வந்தால் அப்பா அதைக் கடை வாசலில் வைத்துத்தான் உடைப்பார், நிற்கிற எல்லாருக்கும் கேட்க உரத்து வாசிப்பார், முன்கூட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே மகள், அவர் பெயருக்கே எழுது. அந்தப் பன்னிரண்டு நாளும் பால்மா எங்கே இருந்தது என்று முதல் வரியிலேயே கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஆ. அருந்ததி