ஊது பிடித்த தயிர்ச்சட்டி

டோஹா
09.01.2025

அன்புள்ள ஷாகிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன்ல கதைச்சா எப்பிடியும் சண்டையிலதான் முடியுது. அதனால எழுதிப் படம் பிடிச்சு அனுப்புறன். இதுக்கு நீ கத்தினாலும் எனக்குக் கேக்காது.

எங்கட ஹோட்டல் முதலாளிக்கு நோன்பு மாசத்துக்கு ஊது போட்ட இனிப்பு வேணுமாம். ஓம், நீ நினைக்கிற அதே ஊதுக்கட்டைதான். பெருநாளைக்கு உடுப்புக்குப் புகை போடுவமே, அந்த அகில். பணக்காரர் இப்ப அதைத் தின்னப் போறாங்க. நான் பாலில போட்டுக் காய்ச்சினன். வாயில வெக்கேலாத கைப்பு.

என்ட இனிப்பு பிடிச்சா இனிப்புப் பகுதிக்கு என்னைத் தலைவனாக்குவாங்க, உனக்கும் மகள் இனாயாவுக்கும் விசா தருவாங்க. பிடிக்காட்டி பெருநாளோட வேலை முடிஞ்சு ஊருக்கு வரணும். லீவில வாற கூட்டாளி முனாப்கிட்ட ஊதுக்கட்டையில ஒரு துண்டு குடுத்து விட்டிருக்கன். கைப்பக்குவம் உனக்குத்தான். செஞ்சு பாரு புள்ள.

உன்
ஹில்மி

*

காத்தான்குடி
21.01.2025

அன்புள்ள மச்சான்,

வ அலைக்கும் ஸலாம். ஊதைத் திங்கிறதா? உம்மா கேட்டுட்டு, மையித்து அடக்கக்குள்ள போடுறதையும் விட்டு வெக்கிறாங்க இல்லையே என்டு தலையில கை வெச்சா. நானும் சிரிச்சன். பிறகு சும்மா இரிக்கேலாமப் போச்சு. ஒரு சில்லைக் கடிச்சுப் பார்த்தன், தேனில ஊறப் போட்டன், பாணியில போட்டுக் காய்ச்சினன். எல்லாம் குப்பைக்குத்தான் போச்சு.

ஆனா முந்தநாள் சரிவந்திட்டு. படுவான்கரையில இருந்து மங்கையற்கரசியக்கா கொண்டு வாற எருமைப்பாலில தயிர் போட்டன். திங்கக்குள்ள வெறும் தயிர்தான். முழுங்கின பிறகு மூக்குக்குள்ள மெல்ல எழும்புது, புதுப்பொண்ணுட அறைக்குள்ள போன மாதிரி. உம்மா அஸ்தஃபிருல்லாஹ் என்டு பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டே ரெண்டாம் கோப்பை கேட்டா.

எப்பிடிச் செஞ்சன் என்டு இப்ப சொல்ல மாட்டன். நாங்க அங்க வாறமா என்டு என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா? வாப்பாவும் மவுத்தாகி இல்ல, உம்மாவை ஆருட்ட விட்டுட்டு வாற? இது பிழைச்சா நீங்க வருவீங்க, சரிவந்தா வரமாட்டீங்க. அதையும் என்ட கையில தந்துட்டு செஞ்சு பாரு என்டா எந்த ஊர் நியாயம்?

உங்கட
ஷாகிரா

*

டோஹா
23.01.2025

அன்புள்ள ஷாகிராவுக்கு,

நல்ல பேரம் பேசப் பழகிட்டாய். நானும் இங்க சும்மா இரிக்கல்ல, ஊதுப்புகையைக் கிரீமுக்கு மேலயே போட்டுப் பார்த்தன். பள்ளிவாசல் பாயை நக்கின மாதிரி இரிந்தது.

கேட்டதுக்குப் பதில் சொல்றன். நம்ம ஊர் வழக்கத்துல மாப்பிள்ளைதான் பொண்ணு ஊட்டுக்கு வாற. நானும் வந்தன். ஒரு ஆணி அடிக்கப் போனதுக்கு உன்ட வாப்பா, “கட்டினது நான், கேட்டுட்டு அடிக்கணும்” என்டார். அந்த ஊட்டுல நான் விருந்தாளிதான். இங்க சின்ன அறை என்டாலும் கதவு எனக்குச் சொந்தம். உன்னையும் மகளையும் அதுக்குள்ள பார்க்க ஆசைப்படுறது குத்தமா?

வாற மாசம் பத்தாம் திகதி முதலாளி ருசி பார்க்கிறார். சொல்லு புள்ள.

உன்
ஹில்மி

*

காத்தான்குடி
28.01.2025

அன்புள்ள மச்சான்,

பாலுக்குப் புகை காட்டக் கூடாது. சட்டிக்குத்தான். புதுத் தயிர்ச்சட்டியைக் கழுவி நல்லா வெயில்ல காய வெக்கணும். சிரட்டைத் தணலில ஊதுச் சில்லைப் போட்டு, அதுக்கு மேல சட்டியைக் கவுத்து வைங்க. புகை முழுக்க மண் குடிச்சிரும். ஆறின பிறகு உறை கலந்த பாலை ஊத்தி அசைக்காம வைங்க. கல்யாண உடுப்புக்குக் கூடை கவுத்துப் புகை போட்டதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது.

லீவு முடிஞ்சு திரும்பி வாற முனாப் காக்காட்ட ரெண்டு சட்டி குடுத்து விடுறன்.

ஆணி கதை எனக்குத் தெரியாது. தெரிஞ்சிரிந்தா அண்டைக்கே வாப்பாட்டச் சண்டை பிடிச்சிருப்பன். இனி ஆரும் கேக்க மாட்டாங்க, வந்து சுவர் முழுக்க அடிங்க. எனக்கு நீங்க இங்க வேணும். ஒன்டு மட்டும் கேக்கிறன். அங்க கையெழுத்து வெக்க முந்தி என்னட்டக் கதைங்க.

உங்கட
ஷாகிரா

*

டோஹா
12.02.2025

அன்புள்ள ஷாகிராவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். முதலாளி ஒரு கரண்டி தின்டுட்டுக் கண்ணை மூடிட்டார். நான் பயந்திட்டன். பிறகு சட்டியையே தன்ட பக்கம் இழுத்து வெச்சுக்கொண்டார். பெரிய சமையல்காரன் என்ட தோளில தட்டினான்.

அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டினாங்க, மூன்டு வருசம். கையெழுத்து வெச்சிட்டன். உன்னட்டக் கேட்டா வேணாம் என்டுதான் சொல்லுவாய், அதனால கேக்கல்ல. கோவிக்காத. நீயும் இனாயாவும் வெள்ளைச் சுவருக்கு முன்னால நின்டு விசாவுக்குப் படம் எடுத்து அனுப்புங்க. உம்மாவை உன்ட தங்கச்சி நுஸ்ரா பார்ப்பாதானே.

உன்
ஹில்மி

*

காத்தான்குடி
20.02.2025

மச்சானுக்கு,

முதலாளி சட்டியை இழுத்து வெச்சதைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். எனக்குச் சந்தோசம்தான், சும்மா சொல்லல்ல. அந்தத் தயிர் எப்பிடி வந்தது என்டு நான் கண்ட சந்தோசத்தை ஆரும் எடுக்கேலாது.

தயிர் பிழைச்சிட்டு என்டு ஒரு வரி எழுதியிருந்தா பெருநாளைக்கு நீங்க இங்க இரிப்பீங்க. எழுதத் தொடங்கிட்டுத்தான் கையை எடுத்தன். உங்களுக்கு மறைச்சு உங்களை வெச்சிருக்க எனக்கு மனம் வரல்ல. நீங்க எனக்கு மறைக்கவும் இல்லை, கேக்கவும் இல்லை. என்ட பதில் தெரிஞ்சும் கையெழுத்து வெச்சிட்டீங்க. அது ஆணியைவிடப் பெரிசு மச்சான்.

நாங்க படம் எடுக்கப் போகல்ல. போகவும் மாட்டம். இனாயா உங்களோட கதைக்கணும் என்டா அவ போன் எடுப்பா. சட்டி இன்னும் வேணும் என்டா எத்தனை என்டு எழுதுங்க, அனுப்புறன். வேற ஒன்டும் எழுத வேணாம்.

ஷாகிரா