அரை டப்பா நீலம்

ஆடி 25, ஞாயிறு.

ஆவணி பிறந்ததும் நானும் இவரும் சங்கராபுரத்தில் பார்த்து வைத்த வாடகை வீட்டுக்குத் தனிக்குடித்தனம் போவதாக இருந்தோம். போன மாதமே போயிருப்போம், ஆடியில் வீடு மாறக்கூடாதென்று மாமியார்தான் தள்ளிப்போட வைத்தார். இந்த ஒரு மாதத்தைத் தள்ளத்தான் எங்கள் அறைக்கு நானே நீல பெயிண்ட் அடித்தேன், பழைய புடவையில் ஜன்னல் திரை தைத்தேன்.

இன்று மத்தியானம் இவர் கட்டிலில் சாய்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"ரூமு சூப்பரா இருக்குது. இனிமே தனி வூடு இன்னாத்துக்கு? வரலன்னு ஓனருக்கு போன் பண்ணிட்டேன்."

வாசற்படியில் நின்ற மாமியார் சிரித்தார்.

"மீதி பெயிண்ட்ல நாளைக்கு நம்ம சமையக்கட்டயும் அடிச்சிடும்மா."

அந்த அரை டப்பாவைப் புது வீட்டுச் சமையலறைக்கென்று இறுக்கி மூடி வைத்திருந்தேன்.